வாவிக்கரையில் ஒரு துறை

மாரி வலுத்து வாவித் தண்ணீர் கரையை முட்டத் தொடங்கியதும் மட்டக்களப்பில் எழும் முதல் கேள்வி, முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதுதான். பாலமீன்மடுவில் வாவி கடலைத் தொடும் இடத்தைக் கோடையில் மணல் மூடிவிடும். மேற்கே உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் வான்பாய்ந்தால் அந்தத் தண்ணீரெல்லாம் வந்து சேர்வது 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவிக்குள். வாய் அடைபட்டுக் கிடக்கும்வரை தண்ணீர் போக வழியில்லை. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வேளாண்மைக்காரர் உடனே வெட்டச் சொல்வார். சில நாள் மூழ்கிக் கிடந்தால் பயிர் அழுகிவிடும் என்பது அவருடைய கணக்கு. வீச்சுவலையும் தோணியுமாக வாவியை நம்பியிருப்பவர் பொறுக்கச் சொல்வார். அவசரப்பட்டு வெட்டினால் தண்ணீரோடு இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்பது இவருடைய கணக்கு. முழங்காலளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்ட நகரத்து ஏழைக்கு இரண்டு கணக்கும் தெரியாது, தண்ணீர் வடிந்தால் போதும். அரசாங்க அதிபர் கூட்டம் கூட்டுகிறார். நீர்ப்பாசனத் திணைக்களம், கடற்றொழில் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவப் பிரிவு, கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம் எல்லோரும் வந்து உட்காருகிறார்கள். முடிவானதும், கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்து மணலில் ஓர் ஒடுங்கிய வாய்க்கால் கீறுவார்கள். முன்பு மண்வெட்டியால், இப்போது பெக்கோ இயந்திரத்தால். கீறிக்கொடுத்தால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே அரித்து அகலமாக்கிக்கொள்ளும்.

பல்கலைக்கழகத்தில் அனர்த்த முகாமைத்துவம் ஒரு பாடம், பொது நிருவாகம் வேறொரு பாடம். ஒன்று புவியியல் மாணவருக்கு, மற்றது முகாமைத்துவ மாணவருக்கோ அரசறிவியல் மாணவருக்கோ. முகத்துவாரக் கூட்டத்தில் இந்தப் பிரிவினை கிடையாது. எவருடைய இழப்பை எவருடைய இழப்போடு எப்படி நிறுப்பது, முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு, அந்த முடிவை ஏற்காதவரோடு மறுநாள் எப்படிப் பேசுவது என்பவையெல்லாம் அங்கே ஒரே மேசையில் கிடக்கின்றன. அனர்த்தமும் நிருவாகமும் சேரும் இந்தத் துறையில் ஆயுள் முழுவதும் ஆராயவும் கற்பிக்கவும் விரும்பும் ஒருவருக்கு மட்டக்களப்பைவிடச் செறிவான இடம் இலங்கையில் இல்லை என்று நான் நம்புகிறேன். அப்படிப்பட்ட இடத்தில் அந்தத் துறை இன்னும் சரியாக வேரூன்றவில்லை என்பதே என் ஆதங்கம்.

உலகில் இந்தத் துறை எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்தால் இந்த ஆதங்கம் புரியும். 1917 டிசம்பரில் கனடாவின் ஹலிபக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்து நகரின் ஒரு பகுதியே அழிந்தது. அந்த நகரிலேயே பணிசெய்துகொண்டிருந்த சாமுவேல் ஹென்றி பிரின்ஸ் என்ற பாதிரியார், தன் கண்முன் மக்கள் எப்படிச் சிதறினார்கள், எப்படி மறுபடி ஒழுங்காகக் கூடினார்கள் என்பதையே ஆய்வாக்கி, 1920இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளியிட்டார். அனர்த்தத்தைச் சமூகவியலாகப் படித்த முதல் நூல் அது என்கிறார்கள். 1940களில் கில்பர்ட் வைட் என்ற புவியியலாளர், வெள்ளத்தைத் தடுப்பதற்கான அணைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அமெரிக்கப் பொறியியலாளர்களிடம் மனிதர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்கச் சொன்னார். 1963இல் ஒஹையோவில் அனர்த்த ஆய்வு மையம் ஒன்று உருவானது. 1983இல் வட டெக்சாஸில் பட்டப்படிப்பே வந்தது. இன்று பேராசிரியர் பதவிகளும் ஆய்விதழ்களும் மாநாடுகளுமாக அது ஒரு முழுத்துறை. இத்தனைக்கும் தொடக்கம், பாதிக்கப்பட்ட ஊரிலேயே இருந்த ஒருவர் கண்டதை எழுதிவைத்ததுதான்.

நமக்கு எழுத வேண்டியவை ஏராளம். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பை அடித்தது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாவட்டத்தின் தென்னந்தோப்புகளில் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்தது. தென்னை சாய்ந்தால் வருமானம் மீள ஆறேழு வருடம் ஆகும், அதுவரை அந்தக் குடும்பம் எதை உண்ணும் என்பது நிருவாகத்தின் கேள்வி. அப்போது அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கவில்லை. டச்சுக் கோட்டைக்குள் இருந்த கச்சேரியும், உதவி அரசாங்க அதிபர்களும், ஊரூராகக் கிராம சேவகர்களும்தான் இருந்தார்கள். வீதியை மறித்துக் கிடந்த மரங்களை யார் அறுத்தார்கள், முதல் அரிசி எந்த வழியாக வந்தது, கூரை போன பள்ளிக்கூடங்களில் யாரை எப்படித் தங்கவைத்தார்கள் என்பதெல்லாம் அந்த உத்தியோகத்தர்களுக்குத் தெரிந்திருந்தன. அந்த அறிவு பாடநூல் ஆகவில்லை.

மூன்று வருடம் கழித்து, 1981இல், வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. நாலே வருடத்தில் அந்த வளாகமே முகாமாகியது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். விரிவுரை மண்டபங்களிலும் மரநிழலிலும் குடும்பங்கள் தங்கின. முகாமைப் பொறுப்பேற்று நடத்தியவர்களுள் ஒருவர் தங்கமுத்து ஜெயசிங்கம். அவர் தாவரவியல் அறிஞர், பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். தாவரச் சூழலியலில் பயின்ற ஒருவர் உணவுப் பங்கீட்டையும் குடிநீரையும் மலசலகூடத்தையும் இராணுவத்தோடு பேச வேண்டிய பேச்சையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டி வந்தது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி அந்த முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பவில்லை. ஆணைக்குழுக்கள் வந்து விசாரித்தன. பல்கலைக்கழக ஆசிரியர்கள் சாட்சியம் சொன்னார்கள். அந்த மாதங்களில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள், சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில் அயல் ஊருக்கே போக முடியாமல் இரு சமூகங்களும் தனித்தனியே அடைபட்டுக் கிடந்தன.

இதை அனர்த்தம் என்று பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் தன் வரைவிலக்கணத்தில் சூறாவளி, வெள்ளம், சுனாமி ஆகியவற்றோடு உள்நாட்டுக் கலவரத்தையும் விமானத் தாக்குதலையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. சட்டம் ஒப்புக்கொண்டதைப் பாடத்திட்டம் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது. ஒரு முகாமை நடத்துபவர் அங்குள்ளோர் பட்டியலை வைத்திருக்கிறார். ஆயுதத்தோடு வந்தவர்கள் அந்தப் பட்டியலைக் கேட்டால் அவர் என்ன செய்வது? இதைவிடக் கடினமான கேள்வி எந்த நாட்டு அவசரநிலைப் பாடநூலிலும் இருக்க முடியாது. அதற்கு முகங்கொடுத்தவர்கள் நம் நடுவே வாழ்ந்திருக்கிறார்கள். கல்விப்பணி இங்கே எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் சிவசுப்பிரமணியம் ரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15ஆம் திகதி கொழும்பில் காணாமற்போனார். அவர் விவசாய விஞ்ஞானி. அடுத்த சில மாதங்களில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்து வந்தபோது, அவர் பணியாற்றிய மாவட்டம் முழுவதுமே முகாம்களாக இருந்தது.

இதற்கிடையில் 2004 டிசம்பர் 26 சுனாமி. நாவலடி என்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நீண்டு கிடக்கும் மணல்திட்டி. ஓடுவதற்குத் திசையே இல்லாத இடம். அங்கும் மட்டக்களப்புத் திருச்செந்தூரிலும் டச்பாரிலும் கல்லடியிலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அந்த நாளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் பேச விரும்புவது அதற்கு அடுத்த மாதங்களைப் பற்றி, குறிப்பாக ஒரு படிவத்தைப் பற்றி.

கிராம சேவகரின் கையில் எப்போதும் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கும். கனத்த அட்டை, நீளவாக்கில் கோடிட்ட பக்கங்கள். வீட்டு இலக்கம், குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், அங்கத்தவர் தொகை, இழப்பு விபரம், ஒப்பம் எனக் கையாலேயே பத்தி பிரித்திருப்பார். அரிசி, மா, பருப்பு, சீனி தொடக்கம் வீட்டுத்திட்டம் வரை எல்லாம் அந்தப் பத்திகளிலிருந்துதான் புறப்படும். பிரதேச செயலகம் அதைத் தட்டச்சுச் செய்து மேலே அனுப்பும், மாவட்டம் தொகுக்கும், கொழும்பு பணத்தை ஒதுக்கும். மட்டக்களப்பில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள், முந்நூறைத் தாண்டும் கிராம சேவகர் பிரிவுகள். உலக நன்கொடைகளெல்லாம் கடைசியில் வந்து நின்றது அந்தக் கொப்பியின் ‘குடும்பத் தலைவர்’ என்ற பத்தியின் முன்தான்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணத்தோடு வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், தாய் தகப்பன் இளைய மகளுக்காகப் பக்கத்திலேயே இன்னொரு வீடு கட்டுவார்கள். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் உண்டு. கடல் கொண்டுபோன வீடு அவளுடையது. புதிதாகக் கிடைத்த வீடோ குடும்பத் தலைவரின் பெயரில் வந்தது. படிவத்தின் பார்வையில் குடும்பத் தலைவர் என்றால் ஆண். மனைவியை இழந்த கணவர் மறுமணம் செய்தால் அந்த வீடு யாருக்கு? இறந்தவளின் பிள்ளைகள் எங்கே போவது? இளைய மகளுக்கென்று கட்டிவைத்திருந்த இரண்டாவது வீடும் கடலோடு போயிருந்தால் அதற்கு நட்டஈடு உண்டா? இவற்றைக் கேட்பதற்குப் படிவத்தில் இடமே இருக்கவில்லை. அரச காணி அனுமதிப்பத்திரங்களைப் பொறுத்தவரை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் உரிமை கடத்துவதில் ஆண்பிள்ளையை முன்வைத்தது. அது திருத்தப்பட்டது 2022இல்தான்.

சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் உள்ளிட்ட மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் 2005இன் தொடக்கத்திலேயே ஒன்றுசேர்ந்து இதைக் கேட்டன. முகாம்களில் பெண்களின் பாதுகாப்பையும் மலசலகூடம் இருக்கும் தூரத்தையும் கூட்டுரிமைப் பத்திரத்தையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் வைத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அனர்த்த முகாமைத்துவத்தில் பட்டம் பெற்றவர்கள்? ஆனால் ஒரு படிவத்தின் ஒரு பத்தி ஒரு சமூகத்தின் சொத்துமுறையையே புரட்டிப்போடும் என்பதை முதலில் கண்டவர்கள் அவர்கள். அதைப் பின்னர் ஆய்வுக் கட்டுரையாக உலகுக்குச் சொன்னவர்கள் டெனிஸ் மக்கில்வ்றேயும் பற்றீசியா லோறன்சும். இருவரும் அமெரிக்க மானிடவியலாளர்கள். மக்கில்வ்றே 1969இலிருந்தே அக்கரைப்பற்றுக்கு வந்துபோனவர், தமிழ் அறிந்தவர், அவருடைய எழுத்தின்மேல் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆனால் பெண்வீட்டு வழக்கத்துக்குள் பிறந்து வளர்ந்த நமது விரிவுரையாளர்களிடமிருந்து அந்தக் கட்டுரை முதலில் வந்திருக்க வேண்டும்.

மேல்மட்டத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடற்கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை கட்டடம் கூடாது என்று அறிவித்தார்கள். எழுவான்கரையின் ஒடுங்கிய இடங்களில் கடலிலிருந்து 200 மீற்றர் பின்னால் போனால் வாவிக்குக் கிட்ட வந்துவிடுவோம் என்பதை அந்த அளவுகோல் பார்க்கவில்லை. ஒரு வருடத்துக்குள் விதி தளர்ந்தது. நாவலடி, திருச்செந்தூர் மக்களில் பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டார்கள். அது மழைக்குத் தண்ணீர் தங்கும் தாழ்நிலம், கடற்றொழிலாளிக்குக் கடலிலிருந்து தூரம். உதவியைப் பகிர்வதற்கென அரசும் புலிகளும் 2005 ஜூன் 24ஆம் திகதி ஒப்பமிட்ட சுனாமிப் பொதுக்கட்டமைப்பின் முக்கிய பிரிவுகளை மூன்று வாரத்தில் உயர்நீதிமன்றம் இடைநிறுத்தியது. அரசியலமைப்பும் நிவாரணமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று பொது நிருவாகம் கற்பிப்பவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. அதே வருடம் மே மாதத்தில் வந்த அனர்த்த முகாமைத்துவச் சட்டம் சனாதிபதியின் தலைமையில் ஒரு தேசிய பேரவையையும் அதன்கீழ் ஒரு நிலையத்தையும் அமைத்தது. மாவட்டப் பிரிவு வந்தது, 117 என்ற அவசர இலக்கம் வந்தது, கரையோரம் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. இவை நல்ல காரியங்கள்தான். ஆனால் சட்டத்தின் பார்வை மேலிருந்து கீழே வருவது. கிராம சேவகரின் கொப்பிக்கு வந்து சேரும்போது அதில் வலு மிஞ்சுவதில்லை.

பாலங்களையும் இந்தத் துறைக்குள் வைத்தே பேச வேண்டும். எழுவான்கரையில் கடல் பொங்கினால் ஓட வேண்டியது மேற்கே, வாவியைத் தாண்டி. கல்லடியில் 1924இல் கட்டிய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் 2013இல்தான் திறந்தது. மண்முனையில் பாலம் 2014இல் வந்தது, அதுவரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவதற்குப் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு நெடுங்காலம் அந்தப் பாதைதான். 2011 ஜனவரி வெள்ளத்தில் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது அதிகம் அடிபட்டது மட்டக்களப்பு. தண்ணீர் வடிந்து மூச்சுவிடுமுன் பெப்ரவரியில் மறுபடி வந்தது. பெரும்போகம் அறுவடைக்கு நெருங்கிய நேரம் அது. கதிரோடு மூழ்கிய வயலுக்கு வித்து நெல் கொடுப்பதும், கடனைத் தள்ளிவைப்பதும், பாதை ஓடாத நாட்களில் படுவான்கரை நோயாளியை இக்கரைக்குக் கொண்டுவருவதும் யாருடைய வேலை என்பது ஒவ்வொரு வெள்ளத்திலும் புதிதாகவே பேசப்படுகிறது. 1957 வெள்ளத்திலும் 1978 சூறாவளியிலும் 2011 வெள்ளத்திலும் கற்றது எழுத்தில் இருந்திருந்தால், அடுத்து வரும் உத்தியோகத்தர் அந்த இடத்திலிருந்து தொடங்கியிருப்பார். இலங்கை நிருவாக சேவையில் இடமாற்றம் சில வருடத்துக்கொரு முறை வரும். மாறிப்போகும் உத்தியோகத்தரோடு அவருடைய அனுபவமும் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. அதைப் பிடித்து வைக்கக்கூடிய நிலையான நிறுவனம் மாவட்டத்தில் ஒன்றுதான். அது பல்கலைக்கழகம்.

அங்கே தடையாக நிற்பது எது என்பதையும் பேச வேண்டும். ஒரு விரிவுரையாளர் பதவி உயர்வு பெற வேண்டுமானால் சர்வதேச ஆய்விதழ்களில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதற்கே அதிகப் புள்ளி. வவுணதீவுப் பிரதேச செயலகத்துக்கு வெள்ளகாலத் திட்டம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொடுத்தால் அவருடைய பதவி உயர்வு விண்ணப்பத்தில் அதற்குக் கிடைப்பது சொற்பம். இதன் விளைவாக, நமது வாவியைப் பற்றிய ஆய்வை வாவிக்கரை உத்தியோகத்தர் வாசிப்பதில்லை. அவர் வாசிப்பது கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கையின் தமிழாக்கம். அந்தத் தமிழோ மூலத்தைப் பார்த்தால்தான் விளங்கும்.

வேறு விதமாகவும் ஒரு கல்வியாளர் வாழலாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல்துறையின் நாகமுத்து பிரதீபராஜா மழையும் தாழமுக்கமும் வரும் காலங்களில் தமிழில், சாதாரண மனிதருக்கு விளங்கும்படி, எங்கே எவ்வளவு மழை எதிர்பார்க்கலாம், எந்தக் குளத்தருகே அவதானம் தேவை என்று எழுதுகிறார். வடக்கிலும் கிழக்கிலும் மீனவரும் கமக்காரரும் உத்தியோகத்தரும் அதற்காகக் காத்திருக்கிறார்கள். காலநிலையியலில் பெற்ற புலமையை ஒருவர் தன் மக்களின் அன்றாட முடிவுக்குப் பயன்படுத்துகிறார். இது மேற்படிப்புக்குக் குறைந்த வேலை என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குப் புலமை என்றால் என்னவென்று தெரியாது. வானிலையில் நடந்தது நிருவாகத்திலும் நடக்க வேண்டும். நிவாரணப் படிவத்தை, வெளியேற்றப் பாதையை, முகாம் நடத்துவதை, நட்டஈட்டு மேன்முறையீட்டைத் தமிழில் ஆராய்ந்து தமிழிலேயே எழுதும் ஒருவர் மட்டக்களப்பில் வேண்டும். ஒருவர் போதாது, ஒரு துறையே வேண்டும். அதில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்திருக்க வேண்டும். 1990களில் கிழக்குப் பல்கலைக்கழகத்தை விட்டு முஸ்லிம் மாணவர் வெளியேற நேர்ந்து, பின்னர் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவானது. முகத்துவாரக் கூட்டத்தில் கமக்காரரும் மீனவரும் ஒரே மேசைக்கு வருவதுபோல இந்த இரு பல்கலைக்கழகங்களும் வந்து உட்கார்வதற்கு இதைவிடப் பொருத்தமான விடயம் இல்லை. ஏனென்றால் வெள்ளம் ஏறாவூரில் ஏறினால் செங்கலடியிலும் ஏறுகிறது.

செய்யத் தொடங்குவதற்குப் பெரும் பணம் தேவையில்லை. 1978இல் வேலைக்குச் சேர்ந்திருந்த கிராம சேவகர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்கள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். 1990இல் முகாம் நடத்தியவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். 2004இல் பிணங்களை எண்ணிப் பதிந்து, பிறகு உயிரோடிருந்தவர்களை எண்ணிப் பதிந்த உத்தியோகத்தர்களும் ஒவ்வொருவராக ஓய்வுக்குப் போகிறார்கள். அவர்களுடைய சீ.ஆர். கொப்பிகளில் சில இன்னும் வீட்டு அலுமாரிகளில் இருக்கலாம். ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவரை அவர்களிடம் அனுப்புங்கள். கையில் ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் இருந்தால் போதும். எந்தச் சுற்றறிக்கையை மீறி யாருக்கு அரிசி கொடுத்தார்கள், எந்தப் பட்டியலை யாரிடம் கொடுக்க மறுத்தார்கள், எந்த வீதி முதலில் மூழ்கும், எந்தக் கோயிலும் பள்ளிவாசலும் தண்ணீருக்கு மேலே நிற்கும் என்று அவர்கள் சொல்வார்கள். அதைத் தமிழில் நூலாக்கி 14 பிரதேச செயலகங்களிலும் வையுங்கள். பதவி உயர்வுக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களே, அந்த நூலுக்கும் புள்ளி கொடுங்கள். ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களே, யாரும் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே எழுதத் தொடங்குங்கள். அடுத்த மாரிக்கு அதிக மாதங்கள் இல்லை.